நாலாம் எண் சளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் மூன்று பேர் மேல் கோபப்படுகிறேன். அதில் இரண்டு பேர் மேல் தப்பே இல்லை. மூன்றாவது ஆள் நான்தான்.

என் வேலை செல் வளர்ப்பது. ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். கோழி வளர்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வேளைக்குத் தீனி, அளவான சூடு, சுத்தமான இடம். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகச் செல்லுக்குப் பசிக்காமல் இருக்காது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பாதியில் கிளம்பி வருகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் எனக்கு நல்ல பெயர் இல்லை. அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஒரு வகை செல் குடியிருக்கிறது. புத்தகத்தில் விழுங்குசெல் என்று போட்டிருக்கும். நான் வைத்த பெயர் சாப்பாட்டு ராமன். அதற்குக் கண் கிடையாது, கால் கிடையாது, மூளை கிடையாது. ஆனால் ஒரு பாக்டீரியா பக்கத்தில் வந்தால் தெரிந்துகொள்கிறது. உடம்பின் ஒரு ஓரத்தை நீட்டுகிறது, மீதி உடம்பை அதற்குள் ஊற்றிக்கொள்கிறது, அப்படியே நகர்கிறது. பாக்டீரியா ஒதுங்கினால் இதுவும் திரும்புகிறது. நெருங்கியதும் இரண்டு கைகளை வளர்த்து, அணைத்து, உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. முதன்முதலாக இதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நான் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் இத்தனை பேர் எனக்காக அலைகிறார்கள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் கலங்கும்.

எங்கள் பேராசிரியரை எல்லோரும் மேடம் என்போம். மூன்று வருடமாக மேடம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சுவர் பெயிண்டிலும் பற்பசையிலும் முகத்துக்குப் பூசும் கிரீமிலும் மாத்திரையின் மேல்பூச்சிலும் வெள்ளை நிறத்துக்காக டைட்டானியம் பொடி சேர்ப்பார்கள். அதில் மிக நுண்ணிய துகள்களும் உண்டு. தலைமுடியின் பருமனை ஆயிரமாகப் பிரித்தால் வருமே, அந்த அளவு. நானோ துகள் என்கிறார்கள். நிறையக் கொட்டினால் செல் செத்துப்போகும், அது தெரிந்ததுதான். மேடம் கேட்டது வேறு. செல்லைக் கொல்லாத அளவு, கொஞ்சூண்டு கொடுத்தால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். நுரையீரலின் உள்சுவரில் இருக்கும் செல்களைத் தட்டில் வளர்த்து, பொடியைக் கண்ணால் காண முடியாத அளவு கலந்து ஒரு நாள் விட்டோம். மறுநாள் எல்லாம் உயிரோடு இருந்தன. வடிவம் மாறவில்லை, பெருகுவதும் குறையவில்லை. எந்தச் சோதனையில் போட்டாலும் ஆரோக்கியம் என்றே வந்தது. பிறகு பச்சையாக ஒளிரும்படி செய்த பாக்டீரியாவை விட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கழுவி, உள்ளே புகுந்தவற்றை எண்ணினோம். பொடி பட்ட செல்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வீடு பார்க்க அப்படியே இருக்கிறது, பூட்டு மட்டும் இளகிப் போயிருக்கிறது.

எண்ணியது ஒரு ஆராய்ச்சி மாணவி. எங்கள் கூடத்தில் அவளுக்குப் பெயர் சந்தேகம். குட் மார்னிங் என்றால்கூட ஆதாரம் கேட்பாள். எட்டு தடவை எண்ணிவிட்டு, "இது உண்மையா இருக்கும் போல இருக்கே" என்று ஏதோ துக்கச் செய்தி மாதிரி சொன்னாள்.

அடுத்த கட்டம் சாப்பாட்டு ராமன்கள். இவற்றைப் பாட்டிலில் வளர்ப்பதைவிட மனிதர்களிடமிருந்தே எடுப்பது நல்லது என்றார் மேடம். எடுக்கும் விதம் கொஞ்சம் அசிங்கம். உப்பு நீரைப் புகையாக்கி ஒரு குழாய் வழியாக கால் மணி நேரம் இழுக்க வேண்டும், பிறகு அடிநெஞ்சிலிருந்து காறி ஒரு கிண்ணத்தில் துப்ப வேண்டும். அந்தச் சளியிலிருந்து நான் செல்களைப் பிரித்து இரண்டு தட்டில் போடுவேன். ஒன்றில் பொடி சேர்ப்போம், ஒன்றில் சேர்க்க மாட்டோம். மறுநாள் இரண்டுக்கும் பாக்டீரியா கொடுத்து, எந்தத் தட்டு எவ்வளவு தின்றது என்று பார்ப்போம். ஆறு பேர் வேண்டும். சுத்தமான நுரையீரலாக இருக்க வேண்டும். ஆட்களைப் பிடிப்பது என் பொறுப்பு. யார் யார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் எண். இந்த விதியைத் தாண்டவே கூடாது.

நாலாவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. அந்த இடத்தில் நான் என் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன். மாத்திரை செய்யும் தொழிற்சாலையில் மூலப்பொருள்களை எடைபோட்டுக் கலவைக்கு அனுப்பும் அறையில் வேலை. உள்ளே போகுமுன் தலை முதல் கால் வரை உடை மாற்ற வேண்டிய இடம். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. படிவத்தில் வெல்டிங்கா, கல் உடைக்கிற வேலையா, சிமெண்டா என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட அந்தப் படிவத்தில் தொழில் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு மேடமே, "மாத்திரை கம்பெனியா? நம்ம லேபை விட அங்க சுத்தமா இருக்குமே" என்றார்.

ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. கடைசி மூன்று மாதத்தில் நோய் உண்டா என்று படிவம் கேட்டது, இல்லை என்று எழுதினேன். அது உண்மை. போன வருடம் அவனுக்கு இரண்டு முறை நிமோனியா வந்தது. இரண்டாவது தடவை நாலு நாள் ஆக்சிஜனில் கிடந்தான். "இவ்வளவு திடகாத்திரமான ஆளுக்கு ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னே புரியல. மூணாவது தடவை வந்தா தாங்குவாரான்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். விடிகாலையில் பைக்கில் போகிறான், மப்ளர் கட்டுவதில்லை. ஏழு மாதமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம் மப்ளர், மப்ளர் என்று அரித்துக்கொண்டிருந்தேன்.

துப்ப வந்த அன்று அவனுக்கு ஒரே குஷி.

"சின்ன வயசுல கண்ட இடத்துல துப்பாதேன்னு முதுகுல வைப்பே. இப்ப கிண்ணத்தை நீட்டிட்டு நிக்கறே."

"வாயை மூடிட்டு இழுடா."

"வாயை மூடினா எப்படிக்கா இழுக்கறது?"

இழுத்தான், இருமினான், துப்பினான். கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முத்து மாதிரி இருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து சந்தேகம் என் மேசைக்கு வந்தாள். கையில் நாலாம் எண்ணின் முடிவுகள். மற்ற ஐந்து பேருக்கும் எதிர்பார்த்தது போலவே வந்திருந்தது. பொடி படாத தட்டில் செல்கள் வயிறு முட்டத் தின்றிருந்தன, பொடி பட்ட தட்டில் பாதிகூடத் தின்னவில்லை. நாலாம் எண்ணில் மட்டும் இரண்டு தட்டும் ஒரே மாதிரி. இரண்டுமே பட்டினி.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தட்டுலயும் பொடி போட்டுட்டீங்களோன்னு..."

அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தட்டை நான் மாற்றி வைத்தது கிடையாது. பொடி போடும் தட்டுக்குச் சிவப்பு மூடி, போடாத தட்டுக்கு வெள்ளை. வெள்ளை மூடிகளை எல்லாம் முடித்து, கையுறையைக் கழற்றி எறிந்து, புதுசு மாட்டிக்கொண்ட பிறகுதான் பொடிப் புட்டியையே அலமாரியிலிருந்து எடுப்பேன். இதை எல்லாம் கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னேன். அவள் அசையவில்லை.

"சரிக்கா. அப்ப இன்னொரு தடவை செய்யலாம். இந்தத் தடவை எல்லாத்தையும் நானே செய்யறேன்."

"தாராளமா செய். பொடிப் புட்டிய உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் வச்சுக்கோ."

தம்பி மறுபடி வந்து வெளி அறையில் துப்பிவிட்டுப் போனான். நான் கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவளுடைய கை, அவளுடைய தட்டு, அவளே புதிதாகப் பிரித்த புட்டி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே முடிவு. வெள்ளை மூடியும் பட்டினி, சிவப்பு மூடியும் பட்டினி. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மேடம் வந்து இரண்டு தட்டின் எண்ணிக்கையையும் பார்த்தார். பிறகு, "வெள்ளை மூடித் தட்டை இருட்டுல வச்சுப் பாரும்மா" என்றார்.

இருட்டில் வைப்பது என்றால் வேறொன்றும் இல்லை. மூடிய அறைக்குள் ஓட்டின் ஓட்டை வழியாக ஒரு கீற்று வெயில் விழுந்தால், அதுவரை இல்லாத தூசி அதில் மின்னுமே, அதே தந்திரம்தான். நுண்ணோக்கியில் நேர் வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒளியை விட்டால் பின்னணி கறுப்பாகிவிடும், ஒளியைச் சிதறடிக்கும் பொருள் மட்டும் பளிச்சிடும். ஒரு நானோ துகளைத் தனியாகப் பார்க்க முடியாது. ஆனால் கும்பலாகச் சேர்ந்திருந்தால் மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் நான்தான் குனிந்து பார்த்தேன்.

கன்னங்கரேல் என்ற இருட்டில் ஒரு செல் மிதந்தது. அதன் விளிம்பு மெல்லிய வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. அதற்குள், உட்கருவைச் சுற்றி, நட்சத்திரங்கள். பத்து, இருபது இல்லை, எண்ணவே முடியாது. செல் லேசாக நகர்ந்தபோது அத்தனையும் சேர்ந்து நகர்ந்தன. தட்டைத் தள்ளிப் பார்த்தேன். அடுத்த செல்லிலும் நட்சத்திரம், அதற்கடுத்ததிலும். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகான ஒன்றை நான் அந்த நுண்ணோக்கியில் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் அரை நிமிடம் எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

சந்தேகம் பார்த்தாள். "இது நாம போட்ட பொடி இல்லக்கா. இது... இந்த ஆள் ஏற்கனவே கொண்டுவந்தது" என்றாள். இந்தத் தடவை அவள் ஆதாரம் கேட்கவில்லை.

"பல வருஷமா சேர்ந்திருக்கணும்" என்றார் மேடம். அவரும் கண்ணை எடுக்கவில்லை. "நாம ஒரு நாள்ல செஞ்சதை இவருக்கு வாழ்க்கையே செஞ்சு வச்சிருக்கு. உயிரோட இருக்கு, நகருது, ஆனா திங்க முடியல. யாரோ, பாவம்."

அந்த யாரோ யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூணாவது தடவை வந்தா என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. மப்ளராம். ஏழு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஊரான் செல்லையெல்லாம் பார்த்தவள், கூடப் பிறந்தவனை மப்ளர் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து எதையோ குடைந்துகொண்டிருந்தான்.

"உன் வேலைல வெள்ளைப் பொடி உண்டா? மாத்திரை மேல பூசுறது?"

"அது இல்லாம எப்படி? ஒரு நாளைக்கு நாப்பது பை. ஏன்?"

"மூஞ்சில மாஸ்க் போடுவியா, மாட்டியா?"

"என்னக்கா கேள்வி இது. பையைப் பிரிக்கும்போதும் கொட்டும்போதும் மாஸ்க் இல்லாம நின்னா அப்பவே வெளிய அனுப்பிடுவான். மேல காத்து உறிஞ்சுற மெஷின் வேற ஓடும். எங்க ரூம்ல ஒரு பொட்டுத் தூசி பார்க்க முடியாது."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. எனக்குக் குழம்பிவிட்டது. "கொட்டினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவே?"

"அப்புறம் என்ன? பையை மடிச்சு அடுக்கணும்."

"எப்படி மடிப்பே? செஞ்சு காட்டு."

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் இதுவரை கேட்காத கேள்வி போலிருக்கிறது. அலமாரியிலிருந்து காலியான சலவைத்தூள் பை ஒன்றை எடுத்தான். "எல்லாரும் கசக்கித் தூக்கிப் போடுவான். குப்பை மேடு மாதிரி நிக்கும். என்னோடது பாரு, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்." பையை நெஞ்சோடு சேர்த்து வைத்தான். இரண்டு கைகளாலும் குழந்தையைத் தூக்குவது போல அணைத்து, கீழிருந்து மேலாக அழுத்திக் காற்றை வெளியேற்றினான். பையின் வாய் அவன் தாடைக்குக் கீழே இருந்தது. புஸ் என்று ஒரு மெல்லிய வெண்புகை கிளம்பி அவன் முகத்தில் பட்டுக் கலைந்தது. அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு நாலாக மடித்து, உள்ளங்கையால் நீவி, என் மடியில் வைத்தான். உண்மையிலேயே இஸ்திரி போட்ட சட்டை மாதிரிதான் இருந்தது.

"இப்ப மாஸ்க் எங்கடா?"

"அதான் பை காலியாயிடுச்சே. காலிப் பைக்கு எதுக்கு மாஸ்க்? அதுவும் ஓரமா, மெஷினுக்கு வெளிய நின்னு மடிக்கறது."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. மடையன், அறிவு கெட்டவன் என்றெல்லாம் சொன்னேன் என்று தம்பி மனைவி பிறகு சொன்னாள். நான் கத்தக் கத்த அவன் சிரித்தான். "நீ பூதக்கண்ணாடில பார்த்துப் பார்த்து எல்லாமே உனக்குப் பூதமா தெரியுது. பதினோரு வருஷமா மூஞ்சில பட்ட பொடியை எல்லாம் சேர்த்தா ஒரு ஸ்பூன் வருமா? மாத்திரைல போட்டு ஊருக்கே முழுங்கக் குடுக்கற பொடிதானே அது?" என்றான். முழுங்குவது வேறு, மூச்சில் இழுப்பது வேறு என்றேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாய்த்து வைத்த இயந்திரத்துக்கே திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போய் நாலாம் எண் யார் என்று சொன்னேன். போன வருடத்து நிமோனியாவையும் சொன்னேன். மேடத்தின் முகம் இறுகிவிட்டது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அந்த எண்ணை நாம கணக்குல சேர்க்க முடியாது, தெரியும் இல்ல? ஒரே ஒரு ஆளை வச்சு எதையும் நிரூபிக்கவும் முடியாது."

"தெரியும் மேடம். எனக்குக் கணக்கு வேண்டாம். அவன் நம்ப மாட்டேங்கறான். ஒரு தடவை அவனுக்குக் காட்டணும்."

"அவரோட செல்லு. நமக்கு முன்னாடி அவருதான் பார்த்திருக்கணும். கூட்டிட்டு வா" என்றார்.

அவன் விடுமுறை நாளில் வந்தான், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக. காலையில் துப்பினான். இந்த முறை நானும் குழாயில் இழுத்துத் துப்பினேன். பொடி எதுவும் சேர்க்காமல் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்து, செல்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, பச்சைப் பாக்டீரியாவை விட்டு இறுக்கமாக மூடினேன். மதியம் அறையை இருட்டாக்கி அவனை உட்காரவைத்தேன். சந்தேகம் மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தாள்.

முதலில் என் தட்டு. அவன் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தான், பிறகு இரண்டு கண்ணையும் திறந்து பழகிக்கொண்டான்.

"ஐயோ, நகருதுக்கா! நெஜமாவே நகருது! அந்தப் பச்சைப் பக்கம் போகுது... திரும்புது, அதுவும் திரும்புது... கை நீட்டுது..." நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். "முழுங்கிடுச்சு! இது யாரோடது?"

"என்னோடது."

"அதானே பார்த்தேன். சாப்பாடுன்னா இப்படிப் பாயறது உன்னைத் தவிர யாரு." ஆனால் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் அது விழுங்கும் வரை பார்த்தான். "இது எப்பவும் இப்படித்தான் பண்ணிட்டு இருக்குமா? நாம தூங்கும்போதுகூட?"

"தூங்கும்போதும்."

"நமக்குத் தெரியவே தெரியாதேக்கா" என்றான் மெதுவாக.

பிறகு அவன் தட்டை வைத்தேன். பக்கவாட்டு ஒளியை ஏற்றினேன். நான் அவன் தோள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இந்த மினுமினுப்பு என்ன?"

"நீ மடிச்ச பைல இருந்து வந்தது."

அவனுடைய செல்லும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்திருந்தது. என்னுடையதைவிட மெதுவாக, நட்சத்திரங்களைச் சுமந்துகொண்டு அதுவும் போனது. கை நீட்டியது, தொட்டது. அணைக்க முடியாமல் கையை இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீட்டியது, மறுபடி முடியவில்லை. இதை நான் பக்கத்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் அது விடவே இல்லை. ஓடிப்போகவில்லை, சும்மாவும் கிடக்கவில்லை. அந்தப் பொழுதில் எனக்கு அதன்மேல் வந்த மரியாதையை எந்த மனிதன் மேலும் நான் வைத்ததில்லை. அது முயன்றுகொண்டிருக்கும்போதே, தொட்டுக்கொண்டிருந்த அந்தப் பாக்டீரியா நடுவில் இடுங்கி, இரண்டாகப் பிரிந்தது.

"சாப்பிடுடா" என்றான் தம்பி. "சாப்பிட்டுடுடா, டேய்."

சந்தேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது சரியாகுமாக்கா?"

"இது ஆகாது. ஆனா உடம்பு புதுசா அனுப்பும். பொடி உள்ள போறது நின்னா, கொஞ்சம் கொஞ்சமா மாறும்னு மேடம் சொல்றாங்க. மாசக்கணக்கா ஆகலாம். முழுசா ஆகுமான்னு யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

தலையாட்டினான். அழப்போகிறான் என்று நினைத்தேன். திட்டுவான் என்றும் நினைத்தேன். அவன் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து, தேதியைப் பார்த்தான், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். வாய்க்குள் எதையோ எண்ணினான்.

"என்னடா?"

"இன்னைக்கு மதிய ஷிப்டு, இப்பத்தான் பை மடிக்கற நேரம். எங்க ரூம்ல ஆறு பேருக்கா. எல்லாரும் கசக்கித்தான் போட்டுட்டு இருந்தானுங்க. நான்தான் விடல. ஒவ்வொருத்தனையும் நிக்க வச்சு, நெஞ்சோட சேர்த்து இப்படி அழுத்துடான்னு கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். அடுக்கு கோணலா இருந்தா பிரிச்சு மறுபடி மடிக்க வைப்பேன்."

போனை எடுத்தான். அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினான். எடை அறைச் சுவரில் மாட்டியிருக்கும் போன் வெகுநேரம் அடித்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"டேய், நான்தான் பேசறேன். கைல பை இருக்கா? ... மடிக்காத. கீழ வை. ... இல்லடா, மடிக்க வேணாம்னு சொல்றேன். ... கசங்கட்டும்டா. கசங்கினா கசங்கட்டும். கீழ வச்சுட்டு எல்லாரையும் வெளிய வரச் சொல்லு."

எதிர்முனையில் அந்த ஆள் சிரிப்பது எனக்குக் கேட்டது. விடுமுறை நாளிலும் அண்ணன் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பான். தம்பி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "சிரிக்காதடா, சொல்றதைக் கேளு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.